மூண்டு மாச நாய்க்குட்டி பின்னேரத்தில காலைக் கடிக்குது, அடிச்சும் நிப்பாட்டேல்லை எண்டு கேட்டவருக்கு

அடிக்கிறத விடுங்கோ, அது விளையாட்டெண்டு நினைச்சு இன்னும் பாயும். கடிக்கேக்க காலை இழுக்காம அப்படியே நிண்டு, ஈரத்துணி ஒண்டை முறுக்கி பிரிட்ஜில வச்செடுத்து வாயில குடுங்கோ.

பால்பல்லு விழத் தொடங்கிற வயசு, முரசு தினவெடுக்கும், ஆனா பின்னேரம் மட்டும் எண்டா எனக்கென்னவோ நித்திரை காணாது போல. இந்த வயசில நாளுக்கு 18 மணித்தியாலம் வரைக்கும் படுக்கும், நீங்கள் உப்புவெளிக் கடற்கரையில ஓடவிட்டா களைச்சு அடங்கும் எண்டு பாக்க அது இன்னும் கிளம்பும், மணலும் சுடும் பாவம்.

நாளைக்கு நாலு மணிக்கு ஃபேன் போட்ட அறையில தனியப் படுக்க விட்டுப் பாருங்கோ. எழும்பினாப் பிறகு கடி குறைஞ்சா அதுதான் காரணம்.

பல்லுப் பட்டு ரத்தம் வந்தா மட்டும் குட்டிதானே எண்டு விடாதேங்கோ, சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, விசர்நாய்க்கடி ஊசி தேவையெண்டா கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில காசில்லாமப் போடுவாங்கள்.