தண்டுவட ஸ்டிமுலேட்டரோடு வாழ்வது: நீங்கள் கேட்டவை

டிஸ்க் ஆபரேஷனுக்குப் பிறகும் காலில் இறங்கும் எரிச்சல் வலி நிற்காததால், சிறு மின்துடிப்புகளால் வலியைத் தணிக்கும் ஸ்டிமுலேட்டர் கருவியைப் பொருத்திக்கொண்டவள் நான். பொருத்தலாமா என்று யோசிப்பவர்களும் ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்களும் கேட்டவற்றுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மாத்திரை அளவையும் கருவியின் செட்டிங்கையும் மட்டும் உங்கள் டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

அக்கா, இது வலியை முழுசாக எடுத்துவிடுமா?

எடுக்காது. இதை முதலிலேயே மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் ஏமாற்றம் குறையும். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே மெல்லிய லீட் வயர்களை வைப்பார்கள். பேட்டரி, இடுப்புக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும். அதிலிருந்து போகும் சிறு மின்துடிப்புகள் வலிச் செய்தி மூளைக்குப் போவதைத் தணிக்கும். வலிக்கான காரணம் அப்படியேதான் இருக்கும். வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே ஒரு கதவு போலத் தடுக்க முடியும் என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற ஆய்வாளர்கள் சொன்ன 'கேட்' கோட்பாட்டிலிருந்து வந்த யோசனை இது. 1967-ல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற நரம்பு அறுவை சிகிச்சை டாக்டர் முதல் கருவியைப் பொருத்தினார். வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன் என்பது மருத்துவர்களின் கணக்கு. எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற நரம்பு வலிக்குத்தான் இது பெரும்பாலும் கைகொடுக்கும். மூட்டுத் தேய்மானத்துக்காக இதைத் தேடிப் போகாதீர்கள்.

ட்ரையல் ஒரு வாரம்தானாம். அதற்குள் எப்படி முடிவு செய்வது?

ட்ரையல் என்பது நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது. அதில் லீட் உள்ளே இருக்கும், பேட்டரி வெளியே பெல்ட்டில் இருக்கும். பத்துக்கு எத்தனை வலி என்று மார்க் போடுவதை மட்டும் நம்பாதீர்கள். அந்த மார்க் நம் மனநிலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். ட்ரையலுக்கு முந்தைய வாரமே ஒரு நோட்டில் எழுதுங்கள்: அடுப்படியில் எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது, தெருமுனை வரை நடக்க முடிகிறதா, ராத்திரி எத்தனை முறை விழிக்கிறீர்கள், எத்தனை மாத்திரை போடுகிறீர்கள். ட்ரையல் நாட்களிலும் இதையே எழுதி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களையும் கேளுங்கள். நம் நடையில் வந்த மாற்றம் சில சமயம் நமக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

பலன் தெளிவாகத் தெரியவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இவ்வளவு செலவழித்தாயிற்றே, டாக்டர் என்ன நினைப்பாரோ என்பதெல்லாம் நிரந்தரமாகப் பொருத்திக்கொள்ளக் காரணம் ஆகாது.

பொருத்துவதற்கு முன்னால் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்கச் சொல்கிறார்கள். என் வலியைப் பொய் என்று நினைக்கிறார்களா?

இல்லை அம்மா. பெரும்பாலும் எல்லாரையும் அனுப்புவார்கள். நாள்பட்ட வலி தூக்கத்தையும் மனதையும் சேர்த்துத்தான் கெடுக்கும். அதையும் கவனித்தால் கருவியின் பலனும் கூடும். தயங்காமல் போங்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் வாரம். "நல்லாத்தானே இருக்கே, வேலையைப் பாரு" என்கிறார் மாமியார்.

வெளியே தையல் ஆறிவிட்டதால் அவருக்கு அப்படித் தெரிகிறது. உள்ளே லீட்டைச் சுற்றித் திசு வளர்ந்து அது ஓரிடத்தில் பிடித்து நிற்க 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை குனிவது, இடுப்பைத் திருப்புவது, எடை தூக்குவது, கையைத் தலைக்கு மேல் நீட்டுவது எதுவும் கூடாது. தண்ணீர்க் குடம், குழந்தையைத் தூக்குவது, கொடியில் துணி காயப்போடுவது, குனிந்து கோலம் போடுவது எல்லாம் இதில் அடக்கம். லீட் நகர்ந்துவிடுவது இந்தக் கருவியில் அடிக்கடி வரும் சிக்கல். சில சமயம் மறுபடி ஆபரேஷன் வரை போகும். அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

படுத்தால் கருவியின் மின்துடிப்பால் வரும் குறுகுறுப்பு திடீரென்று கூடுகிறது. கருவி பழுதா?

பழுதில்லை. மல்லாந்து படுக்கும்போது தண்டுவடம் லீட்டுக்கு இன்னும் அருகில் வரும். அதனால் அதே அளவு மின்சாரம் பலமாகத் தெரியும். இருமும்போதும் தும்மும்போதும் இப்படி வரலாம். படுப்பதற்கு முன் ரிமோட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். குறுகுறுப்பே தெரியாத 10,000 ஹெர்ட்ஸ் வகைக் கருவிகளும் உண்டு. குறுகுறுப்பு தெரியும் வகை என்றால் பைக், கார் ஓட்டும்போது அணைத்துவிடுங்கள்.

கழுத்து வலிக்குப் பக்கத்து பிசியோ சென்டரில் சூடு வைக்கச் சொல்கிறார்கள். முதுகில்தானே கருவி, கழுத்தில் வைக்கலாமா?

கூடாது. இந்தப் பதிலை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டுங்கள். பிசியோ சென்டர்களில் சாதாரணமாக வைக்கும் ஷார்ட்வேவ் டயதெர்மி (ரேடியோ அலையால் உடம்புக்குள் சூடேற்றும் சிகிச்சை), உடம்பில் எந்த இடத்தில் வைத்தாலும் அதன் சக்தி லீட் வழியாகப் பாய்ந்து நரம்புத் திசுவைச் சுட்டுவிடும். கருவியை அணைத்து வைத்திருந்தாலும் ஆபத்து அதேதான். உயிருக்கே ஆபத்தாகலாம். மின்சாரம் வைத்துச் செய்யும் எந்த சிகிச்சையானாலும் முதலில் வலி டாக்டரிடம் கேளுங்கள்.

எந்த ஆபரேஷனுக்குப் போனாலும், பல் டாக்டரிடம் போனாலும், கருவி இருப்பதைச் சொல்லி, கருவிக்கான அடையாள அட்டையைக் காட்டுங்கள். எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்பது உங்கள் மாடலைப் பொறுத்தது. புதிய மாடல்கள் பலவற்றில் நிபந்தனைகளோடு எடுக்கலாம்; அதற்குக் கருவியை எம்ஆர்ஐ மோடில் போட வேண்டும்.

ஏர்போர்ட், மால் கேட்?

அட்டையைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லுங்கள். கேட் வழியாகத்தான் போக வேண்டுமென்றால் கருவியை அணைத்துவிட்டு, நிற்காமல் நடுவில் நடந்து போங்கள்.

முதல் வருடம் நன்றாக இருந்தது. இப்போது பலன் குறைந்துவிட்டது. எடுத்துவிடலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. முதலில் லீட் நகர்ந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வயரில் கோளாறு உண்டா என்று கருவியிலேயே சோதிக்க முடியும். இரண்டும் சரியாக இருந்தால் புரோகிராமை மாற்றிப் பார்ப்பார்கள். ஒரே கருவியில் துடிப்பின் வேகம், அகலம், லீட்டில் மின்சாரம் விடும் எந்த முனை வேலை செய்ய வேண்டும் என்று பல விதமாக மாற்றலாம். எனக்குப் பலன் குறைந்தபோதெல்லாம் இதுதான் உதவியது. எப்போது, எந்த நிலையில், எங்கே வலிக்கிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். "வலிக்குது" என்று மட்டும் சொன்னால் புரோகிராம் செய்பவருக்குப் பிடி கிடைக்காது. இதற்கிடையில் பேட்டரி இருக்கும் இடம் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.