செம்பருத்தி மொட்டு உதிர்ந்தால் முதலில் உரத்தை நிறுத்துங்கள்

எட்டு மாதங்களுக்கு முன் மொட்டும் பூவுமாக வாங்கி, வெயில் படும் இடத்தில் நட்ட செம்பருத்தியில் இப்போது மொட்டுகள் மஞ்சளாகி உதிர்வதாகவும், இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க மற்றப் பகுதி வெளுத்துவிட்டதாகவும், விற்றவர் சொன்ன ‘பூக்கும் உரத்தை’ இரண்டு முறை இட்டும் பயனில்லை என்றும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். செடியைப் பிடுங்கிவிடலாமா என்பது அவருடைய கேள்வி.

பிடுங்க வேண்டாம், அந்த உரத்தை நிறுத்துங்கள். பூக்கும் உரம் என்று விற்கப்படுபவற்றில் பலவும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்தவை. செம்பருத்திக்கு மணிச்சத்து குறைவாகவும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) கூடுதலாகவும் இருக்க வேண்டும். மணிச்சத்து மண்ணில் மிஞ்சினால் செடியால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு பச்சையாக இருக்க இலை வெளுப்பது அதன் அடையாளம். மீண்டும் இட்டால் நோயையே மருந்தாகக் கொடுப்பதாகும். பொட்டலத்தின் முன்பக்கம் பெரிய பூவின் படத்தை அச்சிட்டுவிட்டு, வாங்குபவர் பார்க்க வேண்டிய மூன்று எண்களைப் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதை இத்தனை காலமாக ஏன் அனுமதிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. தழை (நைட்ரஜன்), மணி, சாம்பல் என்ற வரிசையில் வரும் அவற்றில் நடு எண்ணே மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

வாங்கிய அன்று செடி குட்டையாகவும் மொட்டு மொய்த்தும் இருந்ததை வைத்து உங்கள் பராமரிப்பைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். விற்பனைக்கு வளர்க்கும் தொட்டிச் செடிகளுக்கு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுப்பது வழக்கம். அதன் வேகம் தணிந்ததும் செடி நெடுநெடுவென வளரும். இதை வாங்குபவரிடம் சொல்லும் விற்பனையாளரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அடுத்து, உதிர்ந்த மொட்டு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெளிர்நிறச் சிறு புழுக்கள் நெளிந்தால் அது மொட்டு ஈயின் வேலை. மேலே தெளிக்கும் மருந்து உள்ளே எட்டாது. புழுக்கள் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும் என்பதால், விழுந்த மொட்டுகளையும் மஞ்சளான மொட்டுகளையும் நாள்தோறும் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் சேர்க்காதீர்கள். நான்கு வாரங்களாவது விடாமல் செய்ய வேண்டும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுடையது அடுக்குச் செம்பருத்தியாக இருந்தால், கடும் வெயில் காலத்தில் எந்தக் குறையும் இல்லாமலே மொட்டுகள் உதிரக்கூடும். உதிர்வு அந்தப் பருவத்தில் மட்டும் நிகழ்ந்து, மொட்டின் உட்புறம் சுத்தமாக இருந்து, இலை பச்சையாகவும் துளிர் தடையின்றியும் வந்தால் அது இரகத்தின் இயல்பு. ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் செடியில் இலையும் வெளுத்திருப்பதால் இந்த விலக்கை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. ஒற்றை அடுக்குச் செடிக்கும் இது பெரும்பாலும் பொருந்தாது.

மண்ணை ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக்குவதும் மொட்டை உதிர்க்கும். விரல் நுழைத்தால் ஈரம் தெரியுமளவு ஒரே சீராக நீர் விடுங்கள். இலை வெளுப்புக்குக் கீலேட் வடிவ இரும்பை, அதாவது செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் வடிவில் விற்கப்படும் இரும்புச் சத்தை, பொட்டலத்தில் உள்ள அளவுப்படி கொடுங்கள். புதிய துளிர் பச்சையாக வரும் வரை கத்தரிக்காதீர்கள். செம்பருத்தி புதுக் கிளையில்தான் பூக்கும் என்பதால், துளிர் தேறிய பிறகு நீண்ட கிளைகளின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடலாம்.