கோடவுனில் கிடக்கும் பெட்டிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். போன வாரம் பையருக்கு ‘த கார்ட்டன்ஸ் ஆர் லேயிங் இன் த கோடவுன்’ என்று மெயில் அனுப்பினேன். ‘எத்தனை முட்டை இட்டிருக்கின்றன?’ என்று அங்கிருந்து பதில் வந்தது. விளையாட்டாகத்தான் கேட்டார், ஆனால் அந்த மெயிலில் எங்கள் முதலாளியும் சிசியில் இருந்தார். லை–லே–லெயின், லே–லெயிட்–லெயிட் என்று பள்ளியில் ஒப்பித்தது இன்னும் நினைவிருக்கிறது. எழுதும்போதுதான் கை தடுமாறுகிறது. ஒரே ‘லே’ இரண்டு வரிசையிலும் ஏன் வந்து உட்கார்ந்திருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

இந்த இடத்தில் இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தடுமாறுகிறார்கள். ‘லை’ வரவேண்டிய இடத்தில் ‘லே’ போடுவது பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே அங்கே வழக்கம்தான். 1770 வாக்கில்தான் இலக்கணக்காரர்கள் அது தப்பு என்று பிரம்பை எடுத்தார்கள். இன்றைக்கும் நாயை ‘லே டவுன்’ என்று அதட்டுபவர்கள் அங்கே ஏராளம்.

ஒப்பித்ததை மறந்துவிடுங்கள். நமக்கு இதைப் புரிந்துகொள்ளச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. ‘லை’ என்றால் கிட. ‘லே’ என்றால் கிடத்து. தன்வினை, பிறவினை, அவ்வளவுதான். பழைய ஆங்கிலத்தில் லிஜ்ஜன் என்று ஒரு வினை இருந்தது. அதன் உயிரொலியைக் கொஞ்சம் மாற்றி லெஜ்ஜன் என்று பிறவினை செய்துகொண்டார்கள். நாம் உண் என்பதிலிருந்து ஊட்டு செய்துகொண்ட மாதிரி. இப்படி உண்டான ஜோடிகள் இன்னும் சில அங்கே மிச்சம் இருக்கின்றன. சிட் – செட்: அமர், அமர்த்து. ரைஸ் – ரெய்ஸ்: எழு, எழுப்பு. ஃபால் – ஃபெல்: வீழ், வீழ்த்து. ட்ரிங்க்குக்கும் ஒரு பிறவினை இருந்தது, ட்ரெஞ்ச். முதலில் ‘குடிக்க வை’ என்ற பொருளில்தான் வழங்கியது, அப்புறம் ‘நனை’ என்று மாறிப்போனது.

கோளாறு இறந்தகாலத்தில் வருகிறது. தன்வினையான ‘லை’ பழைய ஜாதி. உள்ளே ஒலியை மாற்றியே இறந்தகாலம் காட்டும்: லை, லே. பிறவினை அப்படியில்லை, கடைசியில் ஒரு ‘ட்’ ஒட்டிக்கொள்ளும்: லே, லெயிட். ஆக ‘கிடந்தான்’ என்பதும் ‘கிடத்து’ என்பதும் அங்கே ஒரே சொல்லாகிவிட்டன. ‘யெஸ்டர்டே ஐ லே டவுன்’ என்றால் நேற்றுப் படுத்தேன். ‘ஐ லே த ஃபைல் ஆன் ஹிஸ் டேபிள் எவ்ரி மார்னிங்’ என்றால் தினமும் காலையில் ஃபைலை அவர் மேஜையில் வைக்கிறேன். அதையே நேற்று வைத்திருந்தால் ‘லெயிட்’.

‘ஃபெல்’லிலும் இதே வம்பு உண்டு. ‘விழுந்தான்’ என்பதும் ‘வீழ்த்து’ என்பதும் அங்கேயும் ஒரே சொல். ஆனால் மரம் வெட்டுகிறவர்களைத் தவிர அந்தப் பிறவினை யாருக்கும் தேவைப்படுவதில்லை, அதனால் குழப்பமும் வெளியே தெரிவதில்லை.

எழுதும்போது ஒன்றைக் கேட்டுக்கொண்டால் போதும்: ‘எதை?’ உங்கள் வாக்கியத்தில் அதற்குப் பதில் இருந்தால் லே. கோழி எதை இடுகிறது? முட்டையை. கொத்தனார் எதை வைக்கிறார்? செங்கல்லை. உங்கள் அட்டைப்பெட்டிகள் எதையும் இடவில்லை, சும்மா கிடக்கின்றன. ஆகவே லையிங். உங்கள் பையர் கேட்டதும் அந்த ‘எதை’யைத்தான்.

‘லெயின்’ பற்றிக் கவலைப்படாதீர்கள். பேச்சில் அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை, ‘ஹாவ் பீன் லையிங்’ என்று சமாளித்துவிடுகிறார்கள். ஆனால் ஆட்களைப் பற்றி அப்படி எழுதும்போது உஷார். ‘ஹீ ஹாஸ் பீன் லையிங்’ என்றால் படுத்திருக்கிறார் என்றும் எடுக்கலாம், பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றும் எடுக்கலாம். பொய் சொல்கிற ‘லை’ வேறு வேரிலிருந்து வந்த தனிச் சொல். அதற்கு இறந்தகாலம் ‘லைட்’. விளக்கு இல்லை.

உங்கள் ஊரில் இதைவிடப் பெரிய ஆபத்து எழுத்துக்கூட்டலில் இருக்கிறது. லை, டை என்று ‘ஐ-ஈ’யில் முடியும் வினைகள் ‘இங்’ சேர்ந்தால் அந்த இரண்டு எழுத்தையும் விட்டுவிட்டு ‘ஒய்’ போட்டுக்கொள்ளும். சாயம் போடுகிற டையில் முதலிலேயே ‘ஒய்’ இருக்கிறது. அது செத்துப்போகிற டையோடு ஒன்றாகிவிடக் கூடாது என்றுதான் டையிங்கிலும் ‘ஈ’யை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்த ‘ஈ’யை மறந்து, ‘துணி செத்துக்கொண்டிருக்கிறது, வெள்ளிக்கிழமை முடிந்துவிடும்’ என்கிற பொருளில் எழுதப்பட்ட மெயில் ஒன்றை நானே படித்திருக்கிறேன். அனுப்பியவர் நீங்கள் இல்லை என்று நம்புகிறேன்.

சரி, இலக்கணப்படி லையிங் என்று திருத்தினாலும் பையருக்கு அந்த வாக்கியத்தை அனுப்ப வேண்டாம் என்பேன். ‘சரக்கு குடோனில் இருக்கிறது’ என்பதற்கும் ‘கிடக்கிறது’ என்பதற்கும் நம் காதிலேயே வித்தியாசம் கேட்கிறதல்லவா? கிடக்கிறது என்றால் கேட்பாரற்று என்று ஒரு தொனி வந்துவிடும். இங்கிலீஷிலும் அப்படித்தான். ‘ஆர் இன் த வேர்ஹவுஸ்’ போதும். கோடவுன் என்றால் அமெரிக்காக்காரருக்குப் புரியாது, நம் பக்கத்து இங்கிலீஷ் அது. அந்தச் சொல்லை நம்முடைய ‘கிடங்கு’ வரைக்கும் கொண்டுபோகிற அகராதிகள் உண்டு. பொருள்கள் கிடக்கிற இடம் கிடங்கு. நீங்கள் எழுதிய வாக்கியத்தில் கிட என்பது ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டது.