மாதம் 3,000 ரூபாயில் விளம்பரம்: வாசகர் கேள்வி, நிபுணர் பதில்

ஆறு மாதமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ப்ளவுஸ், ஆரி எம்ப்ராய்டரி வேலை இரண்டும் செய்து தருகிறேன். விளம்பரத்துக்கு மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. நோட்டீஸ் அடிக்கலாமா, இன்ஸ்டாகிராமில் காசு கட்டலாமா?
– வாசகி, திண்டுக்கல்

இரண்டுக்கும் முன்னால், காசே செலவாகாத வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவில் நின்று கூகுள் மேப்பில் 'டெய்லர்' என்று தேடிப் பாருங்கள். உங்கள் கடை வராவிட்டால் இன்றைக்கே பதிவு செய்யுங்கள். கடையைச் சரிபார்க்க, கூகுளில் இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெருவில் தொடங்கி, பெயர்ப் பலகையைக் காட்டி, ஷட்டரைத் திறந்து உள்ளே தையல் மெஷின் வரைக்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக, 30 நொடிக்குக் குறையாமல் எடுக்க வேண்டும். இடையில் வெட்டி ஒட்டினால் ஏற்க மாட்டார்கள்.

பலர் தவறுவது பெயரில்தான். 'திண்டுக்கல் பெஸ்ட் ஆரி ஒர்க் பிரைடல் ப்ளவுஸ்' என்றெல்லாம் கடைப் பெயரோடு சேர்த்தால் உங்கள் கூகுள் பக்கமே முடக்கப்படலாம். பலகையில் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். ஆரி, ப்ளவுஸ் போன்றவற்றுக்குச் சேவைப் பட்டியல் தனியாக இருக்கிறது. ப்ளவுஸைப் போட்டுப் பார்த்து வாடிக்கையாளர் முகம் மலரும் அந்த நிமிடத்தில் ரிவ்யூ கேளுங்கள். வீட்டுக்குப் போய்விட்டால் மறந்துவிடுவார். ரிவ்யூ பக்கத்தின் க்யூஆர் கோடை அச்சிட்டு டெலிவரி மேஜையில் ஒட்டிவையுங்கள். என்ன தைத்தோம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். 'ரிவ்யூ போட்டால் 50 ரூபாய் தள்ளுபடி' மட்டும் வேண்டாம், அது கூகுள் விதிக்கு எதிரானது.

இனி நோட்டீஸ். மாதாமாதம் 3,000 ரூபாய் செலவழிக்க வேண்டியதில்லை. உங்கள் தொழில் முகூர்த்தத்தை ஒட்டி ஓடுவது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. ஆவணிக் கல்யாணத்துக்கு ஆரி ப்ளவுஸ் வேண்டுமென்றால் ஆடியிலேயே துணி உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுப்பவர்களுக்கும் அப்போதுதான் டெய்லர் தேவை. அதனால் வைகாசி, ஆனிப் பணத்தை எடுத்து வைத்து ஆடி முதல் வாரத்தில் இறக்குங்கள். தை முகூர்த்தத்துக்கு மார்கழித் தொடக்கம்.

நோட்டீஸில் பத்து விஷயம் வேண்டாம். தைப்பது என்ன, ஆரம்பக் கூலி எவ்வளவு, எத்தனை நாளில் கிடைக்கும், எந்தக் கோயில் அல்லது பஸ் ஸ்டாப் பக்கம், வாட்ஸ்ஆப் எண். இவை போதும். கூலியைப் போடத் தயங்குகிறவர்கள் அதிகம். ஆனால் விலை தெரியாத கடைக்குள் நுழையக் கூச்சப்படுகிறவர்கள் அதைவிட அதிகம். கீழே ஒரு வரி: 'இந்த நோட்டீஸுடன் வந்தால் ஒரு புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது இலவசம்.' திரும்பி வரும் நோட்டீஸ்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அந்த டப்பாதான் உங்கள் கணக்குப் புத்தகம். அச்சும் விநியோகமும் சேர்ந்து 2,800 ரூபாய் ஆகி, 14 பேர் வந்தால் ஒருவரை வரவழைக்க 200 ரூபாய். அந்த ஒருவர் ஒரு வருடத்தில் நான்கு ப்ளவுஸ் தைத்தால் உங்கள் கையில் நிற்பது எவ்வளவு என்று பாருங்கள். 200-ஐவிட நன்றாக மேலே இருந்தால் அடுத்த தடவையும் அடிக்கலாம்.

பேப்பருக்குள் வைத்துக் கொடுப்பதென்றால் ஏஜென்டிடம் முதல் நாளே கட்டைச் சேர்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்று மற்ற நோட்டீஸ்களோடு சேர்ந்து உங்களுடையதும் குப்பைக்குப் போகும். மழை நாளையும் தவிருங்கள். 2,000 நோட்டீஸையும் ஒரே நாளில் கொடுக்காமல் ஏரியாவுக்கு 500 ஆகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் ஓரத்திலும் வேறு வேறு நிறத்தில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். எந்த ஏரியாவிலிருந்து ஆள் வருகிறார்கள் என்பதை டப்பா சொல்லிவிடும். ஒரு நிறம் வரவே இல்லையென்றால், அந்தக் கட்டு வீடுகளுக்குப் போனதா என்று விசாரியுங்கள்.

நோட்டீஸைவிட முக்கியமான இடம் மேட்சிங் சென்டர். ப்ளவுஸ் பிட் வாங்கி முடித்தவர் அடுத்துத் தேடுவது டெய்லரைத்தான். அருகில் உள்ள இரண்டு மேட்சிங் சென்டர், ஒரு பியூட்டி பார்லர் ஆகியவற்றில் உங்கள் விசிட்டிங் கார்டுகளை வைக்கக் கேளுங்கள். அவர்கள் கார்டையும் உங்கள் கடையில் வையுங்கள். சாம்பிளாக ஒரு ஆரி ஸ்லீவை ஃப்ரேம் போட்டுக் கொடுத்தால் அது அங்கேயே தொங்கும். இன்ஸ்டாகிராமில் காசு கட்டுவதற்கு முன், கீழே தஞ்சாவூர் வாசகிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

வீட்டில் இட்லிப்பொடி, சிறுதானியக் கஞ்சி மாவு தயாரித்து வாட்ஸ்ஆப்பில் விற்கிறேன். பிராட்காஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) 200 பேரைச் சேர்த்தும் 40 பேருக்குத்தான் செய்தி போகிறது. ஏன்? கஞ்சி மாவுக்கு 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று போட்டால் விற்பனை கூடுமா?
– வாசகி, தேனி

பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். நீங்கள் அவர்கள் எண்ணைச் சேமித்தால் போதாது. மீதி 160 பேர் உங்கள் எண்ணைச் சேமிக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு டெலிவரியின்போதும் உங்கள் கான்டாக்ட் கார்டை அனுப்பி, 'சேவ் செய்துவிட்டு ஒரு ஓகே போடுங்கள் அக்கா, புதுப்பொடி வந்தால் சொல்கிறேன்' என்று கேளுங்கள். பாக்கெட் ஸ்டிக்கரிலும் அதே வரி இருக்கட்டும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். பொடி வாங்குபவர்கள், மாவு வாங்குபவர்கள் என்று பிரித்துக்கொண்டால் வேண்டாத செய்தி யாருக்கும் போகாது. பொடி தீரும் நாள் ஏறக்குறைய உங்களுக்கே தெரியும். அதற்கு இரண்டு நாள் முன்பு போகும் ஒரு செய்தி, தினமும் அனுப்பும் குட்மார்னிங் படத்தைவிட நன்றாக விற்கும். எங்கிருந்தோ கிடைத்த எண்களுக்கு அனுப்பாதீர்கள். நாலு பேர் ரிப்போர்ட் அடித்தால் எண்ணே முடங்கலாம், அதோடு வாடிக்கையாளர் பட்டியலும் போய்விடும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில்: கூடவே கூடாது. சில நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. அந்தப் பட்டியலில் நீரிழிவும் உண்டு. உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். அதைவிடப் பெரிய ஆபத்து, உங்கள் வரியை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடுவது. 'கேழ்வரகு, கம்பு, சாமை, சர்க்கரை சேர்க்கவில்லை, வறுத்து அரைத்த தேதி இது' என்று எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணும் பாக்கெட்டில் இருக்கட்டும். வாங்குபவருக்கு வேண்டிய நம்பிக்கை அதிலேயே வந்துவிடும்.

வீட்டிலேயே கேக் செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் 1,000 ரூபாய் கட்டி ஒரு வீடியோவை பூஸ்ட் (விளம்பரமாகப் பலருக்குக் காட்டுவது) செய்தேன். 400 லைக் வந்தது, ஒரு ஆர்டர்கூட வரவில்லை.
– வாசகி, தஞ்சாவூர்

எந்த ஏரியாவுக்குக் காட்டச் சொன்னீர்கள் என்று முதலில் பாருங்கள். தமிழ்நாடு முழுக்க என்று இருந்தால், ஓசூர்க்காரர் லைக் போட்டிருப்பார், கேக் வாங்க தஞ்சாவூர் வரமாட்டார். டெலிவரி போகும் தூரத்துக்கு மட்டும் வட்டத்தைச் சுருக்குங்கள். நோக்கம் என்ற இடத்தில் 'மெசேஜ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ப்ரொஃபைல் பார்வை என்று விட்டால் பார்வைதான் கிடைக்கும். வீடியோவின் முதல் மூன்று நொடியில் கத்தி கேக்கில் இறங்கட்டும், எடையும் விலையும் ஊர்ப் பெயரும் எழுத்தில் வரட்டும். பணத்தை ஒரே நாளில் தீர்க்காமல் ஐந்தாறு நாளுக்குப் பரப்புங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி தனி, 1,000 ரூபாய் விளம்பரம் 1,180 ஆகும்.

ஆர்டர் நழுவும் இன்னொரு இடம் பதில். இரவு 11 மணிக்கு விலை கேட்டவர் காலை வரை காத்திருக்க மாட்டார். விலைப் பட்டியலோடு தானியங்கிப் பதில் வைத்துவிட்டு விளம்பரத்தைத் தொடங்குங்கள்.

மளிகைக் கடைக்கு இந்த வருடம் காலண்டர் கொடுக்கலாமா, பை கொடுக்கலாமா? நாற்சந்தியில் ஃப்ளெக்ஸ் வைக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

தினசரி காலண்டர் நல்ல முதலீடு. நல்ல நேரம், ராகுகாலம் பார்க்க வீட்டில் எல்லோரும் தினம் அதன் முன் நிற்கிறார்கள். சிவகாசியில் ஆடிப்பெருக்கை ஒட்டிப் புது ஆல்பம் வந்துவிடும், அப்போதே ஆர்டர் கொடுங்கள். மார்கழியில் போனால் கேட்ட அளவும் படமும் கிடைக்காது. கணக்கு நோட்டில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டும் எண்ணி அடியுங்கள். மிச்சம் பணமிருந்தால் மஞ்சப்பை. 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் தடை என்பதால் பைக்குத் தேவை இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் கடைப் பெயரையும் போன் எண்ணையும் அச்சிட்டால் போதும், காது மட்டும் கெட்டித் தையலாக இருக்கட்டும். அறுந்த பையை யாரும் இரண்டாம் முறை எடுத்துவர மாட்டார்கள்.

ஃப்ளெக்ஸ் வேண்டாம். உள்ளாட்சி அனுமதி இல்லாமல் வைத்தால் அகற்றிவிடுவார்கள், வழக்கும் வரலாம். அந்தப் பணத்தில் கடைப் பலகைக்கு எல்இடி விளக்கு போடுங்கள். பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பது விதி, அதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.