மாமர நிழலில் புள்ளி இலைச் செடிகள் வருஷம் முழுக்கப் பசுமையாக நிற்குமா?

தாராளமாக நிற்கும். எங்கள் வீட்டு மாமரத்தடியில் நான் வைத்திருப்பவை இரண்டு. ஒன்று, அகன்ற பச்சை இலையில் வெளிறிய புள்ளிகள் இருக்கும் டிஃபன்பேக்கியா. இன்னொன்று, இலை முழுக்க மஞ்சள் பொடி தூவியதுபோல் இருக்கும் டிரசீனா சர்குலோசா. இரண்டாவது மெதுவாகத்தான் வளரும், ஆனால் எனக்கு அதுதான் பிடித்தது.

செடி வாங்குவதற்கு முன்னால் நிழலைப் பாருங்கள். உச்சிவேளையில் அந்த இடத்தில் கையை நீட்டினால், கையின் நிழல் மங்கலாகவாவது தரையில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அங்கே இருட்டு அதிகம். இந்தச் செடிகளில் வெளிறிய புள்ளி இருக்கும் இடத்தில் பச்சையம் மிகக் குறைவு. அதனால் வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு சாயும், புது இலைகளில் புள்ளியும் மங்கும். நேர் வெயில் பட்டாலோ அந்த வெளிறிய இடம்தான் முதலில் கருகும். அக்னி நட்சத்திர சமயத்தில் மேற்கு வெயில் நுழைகிற பக்கம் 50 சதவீத நிழல்வலை கட்டிவிடுங்கள்.

மரத்தடி மண்ணில் நேரே நட வேண்டாம். மாமரத்தின் சல்லிவேர்கள் நீங்கள் ஊற்றும் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும். தொட்டியில் வைத்து, தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்; இல்லையென்றால் அடித்துளை வழியாக மரவேர் உள்ளே வந்துவிடும். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் மணல் போதும். மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள், வேர் அழுகிவிடும்.

மாமரத்தடிக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பூப்பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் சுரக்கும் பிசுபிசுப்பான நீர் கீழே சொட்டி, இலைமேல் கரும்பூஞ்சை படரும். புள்ளியே தெரியாத அளவுக்கு இலை கறுத்துவிடும். ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தால் போய்விடும், செடிக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் டிஃபன்பேக்கியா வேண்டவே வேண்டாம். அதில் ஊசி வடிவக் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். தண்டு வெட்டும்போது நீங்களும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். டிரசீனா நாய், பூனைக்கு ஆகாது, எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நர்சரியில் வெள்ளிப் புள்ளி பிகோனியாவைக் காட்டி ஆசை காட்டுவார்கள். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் நம் சமவெளிக் கோடையைத் தாங்குவது கஷ்டம். கொடைக்கானல், ஏற்காடு பக்கம் இருப்பவர்கள் தைரியமாக வாங்கலாம்.