மைனஸ் 15இல் மரதன் பயிற்சி

வணக்கம் அண்ணா,

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன், வயது 43. களஞ்சியம் ஒன்றில் பின்னேர வேலை. 3 மணிக்குத் தொடங்கி 11 மணிக்கு முடியும். போன ஒக்ரோபரில் அரை மரதன் ஒன்றை 2 மணி 5 நிமிடத்தில் ஓடி முடித்தேன். அந்தத் துணிவில் மே மாதக் கடைசியில் வரும் ஒட்டாவா மரதனுக்குப் பதிந்தும்விட்டேன். இணையத்தில் எடுத்த 18 வாரத் திட்டம் ஜனவரி நடுவில் தொடங்குகிறது. அதை எழுதியவர் ஸ்காபரோ ஜனவரியைக் கண்டதில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

வேலை முடிந்து வந்து இரவில் ஓடினால் வழுக்குகிறது. இரண்டு தடவை விழுந்துவிட்டேன். பனியில் கிலோமீற்றருக்கு 40, 50 விநாடி கூட எடுக்கிறது. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் ட்ரெட்மில் இருக்கிறது, ஆனால் அதில் ஓடுவது கணக்கில் வராது என்று கூட ஓடுகிறவர்கள் சொல்கிறார்கள். இந்தக் குளிர்காற்றை இழுத்தால் நெஞ்சு உறைந்துபோகும், நிப்பாட்டு என்கிறா அம்மா. நான் யார் சொல்லைக் கேட்பது?

ச., ஸ்காபரோ

அன்பின் ச.,

அம்மாவில் இருந்தே தொடங்குவோம். நெஞ்சு உறையாது. மைனஸ் 20 காற்றை இழுத்தாலும் மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் எல்லாம் கடந்து நுரையீரலின் அடிக்குப் போய்ச் சேரும்போது அது உடற்சூட்டுக்கு வந்துவிடும். ஆனால் அம்மாவின் பயத்தில் ஒரு பங்கு நியாயம் உண்டு. கடுங்குளிர்க் காற்றில் ஈரம் கிட்டத்தட்ட இல்லை. அதை நனைப்பதற்கு மூச்சுக்குழாயின் உட்சுவர் தன் ஈரத்தைக் கொடுத்துக் காய்ந்துபோகிறது. ஓடி முடித்தபின் கொஞ்ச நேரம் வரும் வறட்டு இருமல் அதனால்தான். பஃப் என்று விற்கிற மெல்லிய குழாய்த் துணியை மூக்கு வரை இழுத்துவிட்டால் வெளிமூச்சின் ஈரம் அதில் தங்கி அடுத்த உள்மூச்சோடு திரும்ப உள்ளே போகும். நாற்பது நிமிடத்தில் துணி நனைந்து தகடுபோல் விறைக்கும். நனையாத பக்கத்தை முன்னுக்குத் திருப்புங்கள். இருமலுக்குப் பதிலாக விசில் மாதிரி இழுப்புச் சத்தம் கேட்டாலோ, நெஞ்சு இறுகினாலோ அது வேறு விஷயம். குளிரில் ஓடும்போது மட்டும் தலைகாட்டுகிற ஆஸ்துமா நாற்பது வயதுக்குப் பிறகும் வரலாம். வைத்தியரிடம் காட்டாமல் அடுத்த ஓட்டம் வேண்டாம்.

இனி வழுக்கல். நீங்கள் விழுந்ததற்குச் சப்பாத்தைவிட நேரம்தான் கூடுதல் காரணம். பகலில் வெயில் பட்டு உருகிய தண்ணீர் நடைபாதையில் பரவி, இருட்டியதும் கண்ணாடிபோல் உறைகிறது. வீதிக்குப் போடும் சாதாரண உப்பும் மைனஸ் 10ஐ அண்டியதும் ஏறத்தாழப் பயனற்றுப் போய்விடும். நீங்கள் இரவு 11 மணிக்குப் பிறகு இறங்குவது இந்த இரண்டும் சேர்கிற நேரத்தில். ஜனவரித் தொடக்கத்தில் ரொறன்ரோவில் சூரியன் காலை 7.50 அளவில் எழுந்து மாலை 4.50 அளவில் விழுந்துவிடுகிறது. ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் இருட்டில் ஓடுவதைத் தவிர வழியில்லை. உங்களுக்கோ காலை 11 மணி சும்மா கிடக்கிறது! வெளிச்சம், உருகத் தொடங்கிய பாதை, பனி அகற்றி முடிந்த நடைபாதை எல்லாம் அந்த நேரத்தில்தான் ஒன்றாகக் கிடைக்கும். இரவு நேரே படுத்து, எழும்பிச் சாப்பிட்டு, 11 மணிக்கு ஓடுங்கள்.

நேரம் மாற்றினாலும் பனிக்கட்டி முழுதாகத் தொலையாது. புதிதாக விழுந்து காலடியில் கிறீச்சிடும் பனி நல்ல பிடி தரும். மினுங்குகிற இடமும், ஈரம்போல் கறுப்பாகத் தெரிகிற இடமும்தான் ஆபத்து. அங்கே காலடியைக் குறுக்கி, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி வையுங்கள். பின்காலால் உந்தித் தள்ள வேண்டாம், அந்தத் தள்ளலில்தான் கால் பின்னுக்குப் போகிறது. வளைவில் வேகத்தை முன்கூட்டியே விடுங்கள். ஏரிக்கரையோரமாகப் போகும் மார்ட்டின் குட்மன் பாதையில் பனிக்காலத்திலும் பனியை அகற்றுகிறார்கள். ஓடைப் பள்ளத்தாக்குப் பாதைகள் பலவற்றில் அது நடப்பதில்லை. அழகைப் பார்த்து அங்கே இறங்கினால் மிதிபட்டு இறுகிய கட்டியில்தான் ஓட வேண்டிவரும்.

சப்பாத்துக்கு மேலே இழுத்து மாட்டுகிற ரப்பர்ச் சங்கிலிகள் தளர்ந்தால் கழன்றுவிடும், இறுகினால் விரல் மரத்துப்போகும். அதைவிட மலிவான வழி ஒன்று இருக்கிறது. 8ஆம் இலக்க, கால் அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளமான, அதாவது எட்டில் மூன்று அங்குலம் கொண்ட, அறுகோணத் தலைத் தகட்டுத் திருகாணிகள். பழைய சப்பாத்து ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் முன்பக்க விளிம்பைச் சுற்றி ஆறேழு, குதிப்பக்கம் நாலு என்று அடியில் முறுக்குங்கள். தலையின் கூர்விளிம்புதான் கட்டியைக் கடிக்கும். முள் ஒரு சென்ரிமீற்றரும் இல்லை என்பதால் தடித்த அடியைத் தாண்டிப் பாதத்துக்கு வராது. ஆனால் பாதத்தின் நடுப்பகுதி மெல்லியது, காற்றுப்பை வைத்த அடிகளும் உண்டு, அங்கெல்லாம் போடாதீர்கள். இன்னொன்று, ஆணி போட்ட சப்பாத்து பனிக்கட்டியில் நிற்கும், அடுக்குமாடி வாசலின் பளிங்குத் தரையில் நிற்காது. வெளியே போய் மாட்டுங்கள், வெளியிலேயே கழற்றுங்கள். வெறும் தார் வீதியில் நெடுந்தூரம் ஓடவும் அது சரிவராது, முழங்காலுக்கு அடி கூடும்.

உடுப்பு விஷயத்தில் எல்லாரும் குளிரைப் பற்றியே யோசிக்கிறார்கள். பனிக்கால ஓட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வியர்வை ஈரம். வெளியே இருக்கிற வெப்பநிலையோடு பத்துப் பாகையைக் கூட்டி, அந்த வெப்பநிலையில் சும்மா நடப்பதற்கு என்ன உடுப்பீர்களோ அதை உடுங்கள். முதல் பத்து நிமிடம் குளிர வேண்டும். கதவைத் திறந்ததும் இதமாக இருந்தால் ஓர் அடுக்கு கூடிவிட்டது. மைனஸ் 5 வரை நீளக்கை மெல்லிய செயற்கைநூல் மேலாடை, காற்றை மறிக்கும் மெல்லிய ஜக்கெற், ஒரு டைற்ஸ் போதும். மைனஸ் 12 வரை உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் இன்னொன்று, மேலே ஜக்கெற். அதற்குக் கீழே கால்களுக்கும் காற்று மறிக்கும் துணி தேவை. பருத்தி எந்த அடுக்கிலும் வரக்கூடாது, காலுறை உட்பட. விரல்கள் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட எல்லா விரலும் ஒன்றாக இருக்கும் உறையே சூடு. ஆண்கள் வெட்கப்பட்டு எழுதாமல் விடுகிற ஒன்றையும் எழுதிவிடுகிறேன்: முன்பக்கம் காற்று மறிக்கும் உள்ளாடை என்று ஒன்று விற்கிறது, வாங்குங்கள். எதிர்காற்றில் ஒரு மணி நேரம் ஓடியபிறகு வாங்கியிருக்கலாமே என்று யோசிப்பதில் பயனில்லை.

காற்றின் திசையைப் பார்த்துப் புறப்படுங்கள். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது முதுகுக்காற்று. மாறிப் போனால், பாதித் தூரத்தில் நனைந்த உடம்போடு காற்றுக்கு முகம் கொடுப்பீர்கள், களைத்துப்போய் வேகமும் குறைந்திருக்கும், சூடு வேகமாக இறங்கிவிடும். வானிலை அறிக்கையில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் காற்றோடு சேர்த்துச் சொல்லும் குளிர் எண் இருக்கும். அது மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம்; மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடம். என் கணக்கில் மைனஸ் 28 ட்ரெட்மில்லுக்கு இறங்க வேண்டிய எல்லை. மூக்குநுனியோ காதோ வெளிறி உணர்வற்றுப் போனால் தேய்க்கக் கூடாது. உள்ளே போய் இளஞ்சூட்டில் மெல்லச் சூடாக்க வேண்டும்.

ஆனால் உண்மையில் மைனஸ் 15இல் உலர்ந்த நாளைவிட பிளஸ் 2இல் மழையும் காற்றும் கூடிய நாள்தான் மோசம். 2018 பொஸ்ரன் மரதன் அப்படியொரு நாளில் நடந்தது. முன்னணித் தொழில்முறை ஓட்டக்காரர்கள் பலர் நடுவழியில் விலகினார்கள். ஆண்களில் வென்றவர் யுகி கவாவுச்சி, ஜப்பானின் சைத்தாமா மாகாணத்தில் பள்ளி அலுவலகத்தில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், நேரம் 2:15:58. பெண்களில் இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ் மருத்துவமனையில் மயக்கமருந்துத் தாதியாக வேலை பார்த்தவர். கவாவுச்சி அதே ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி மாசசூசெற்ஸின் மார்ஷ்பீல்டில், மைனஸ் 17 அளவில், ஒரு மரதனை 2:18:59இல் ஓடியிருந்தார். அதை ஓடி முடித்தவர் அவர் ஒருவர்தான். வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும், பிடிக்கட்டும். ஆனால் பழகுவதற்கு இது முன்மாதிரி இல்லை.

ட்ரெட்மில் கணக்கில் வரும். வராது என்று சொல்கிறவர்களிடம், வழுக்கி விழுந்து மூன்று வாரம் காலைத் தூக்கி வைத்திருப்பது கணக்கில் வருமா என்று கேளுங்கள். ஒரு வீதச் சரிவு வைத்தால்தான் வெளியோட்டத்துக்குச் சமம் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. அது 1996இல் வந்த ஜோன்ஸ், டௌஸ்ற் இருவரின் ஆய்விலிருந்து வந்தது. காற்றுத்தடை வேகம் கூடக்கூடப் பெருகுவது, அதற்கு ஈடாகத்தான் அந்தச் சரிவு. உங்கள் வேகத்துக்கு வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கவனிக்க வேண்டியது சூடு. காற்று இல்லாத அறையில் வியர்வை ஆறாது, இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு மின்விசிறியை நேரே முகத்துக்குத் திருப்புங்கள். பொது இடத்து ட்ரெட்மில்கள் காட்டும் வேகத்தை முழுதாக நம்ப வேண்டாம். மூச்சுத்தான் அளவு. பல இயந்திரங்கள் 60 நிமிடத்தில் தானாக நின்றுவிடும், அதையும் முதலே பாருங்கள்.

வாரத்தின் வேக ஓட்டத்தை அதில் வைப்பதே என் யோசனை. பனிப்பாதையில் வேகம் பழகுவது வீண் முயற்சி. உங்கள் அரை மரதன் நேரத்தை வைத்துப் பார்த்தால் மரதனுக்கு நாலரை மணி நேரம் நியாயமான குறி, அதாவது கிலோமீற்றருக்கு 6 நிமிடம் 24 விநாடி. ட்ரெட்மில்லில் அது மணிக்கு 9.4 கிலோமீற்றர். பதினைந்து நிமிடம் சூடாக்கி, 10.4இல் எட்டு நிமிடம், இரண்டு நிமிட மெல்லோட்டம், இப்படி மூன்று தடவை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு தடவையைக் கூட்டுங்கள்.

மற்ற ஓட்டங்களைக் கிலோமீற்றரில் எழுதாதீர்கள், நிமிடத்தில் எழுதுங்கள். பனியில் 50 விநாடி கூட எடுப்பது உங்கள் குறையல்ல. ஒவ்வோர் அடியிலும் கால் கொஞ்சம் சறுக்குகிறது, அதைப் பிடித்து நிறுத்த தொடை இடுக்கும் கெண்டைக்காலும் கூடுதலாக உழைக்கின்றன. அதே மூச்சில் 50 நிமிடம் ஓடினால் 50 நிமிடப் பயிற்சி கிடைத்துவிட்டது. அந்த நாட்களில் கடிகாரத்தோடு சண்டைபிடித்தால் குதிநாணில் நோ தொடங்கும். கிழமைக்கு நாலு ஓட்டம் போதும்: இரண்டு மெல்லோட்டம், ஒன்று ட்ரெட்மில், ஒன்று நீண்டது. நீண்டதை 90 நிமிடத்தில் தொடங்கி வாரம் 10 அல்லது 15 நிமிடம் கூட்டுங்கள், நாலாவது வாரம் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். அதிகபட்சம் 3 மணி 30 நிமிடம். உங்கள் வேகத்தில் அது 30 கிலோமீற்றர் அளவில் வரும். திட்டத்தில் 35 என்று இருந்தாலும் தொடவேண்டாம். நாலு மணி நேரம் கடந்த களைப்பு அடுத்த வாரத்தைத் தின்றுவிடும்.

மார்ச் கடைசியில் ஹமில்ரனில் நடக்கும் அரவுண்ட் த பே 30 கிலோமீற்றர் ஓட்டத்துக்கு இடம் கிடைத்தால் பதியுங்கள். 1894இல் தொடங்கியது, பொஸ்ரனுக்கு மூன்று வருடம் மூத்தது. ஒட்டாவாவுக்கு எட்டு வாரம் முன் வருவதால் உங்கள் திட்டத்துக்குள் சரியாக உட்காரும். போட்டியாக அல்ல, தண்ணீரும் ஆட்களும் உள்ள நீண்ட ஓட்டமாக ஓடுங்கள்.

நீண்ட ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் முன் வெள்ளைப் பாணும் வாழைப்பழமும், அல்லது இடியப்பம். தேங்காய்ப்பூ அள்ளிப் போட்ட புட்டு வயிற்றில் கிடக்கும், அன்றைக்கு வேண்டாம். 90 நிமிடத்தைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து வேண்டும். ஓட்டக்காரர்கள் சிறு பைக்கற்றில் கொண்டுபோகும் இனிப்பு ஜெல் குளிரில் பசைபோல் இறுகும். கையுறைக்குள் வைத்துக்கொண்டால் இளகியிருக்கும். பனங்கட்டியைப் பத்துக் கிராம் துண்டுகளாக உடைத்துக் கொண்டுபோனாலும் நன்றாக வேலை செய்யும். கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு ஓடலாம். குளிரில் தாகம் தெரியாது, அதனால் குடிக்காமலே திரும்புவீர்கள். போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி ஜக்கெற்றுக்குள் வையுங்கள். இடுப்புப் பட்டியில் என்றால் தலைகீழாக, ஏனென்றால் தண்ணீர் மேலிருந்துதான் உறையும். கைத்தொலைபேசியும் உள்ளேதான் இருக்க வேண்டும், வெளிப்பையில் பற்றரி சட்டென்று இறங்கும்.

முடிந்து வந்து பத்து நிமிடத்துக்குள் ஈர உடுப்பை மாற்றித் தலையைத் துவட்டுங்கள். இந்த விஷயத்தில் அம்மாக்கள் சொல்வது முழுக்கச் சரி. சப்பாத்தை ஹீற்றருக்கு மேல் வைக்காதீர்கள், ஒட்டு விட்டுவிடும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளை அடைத்து வைத்தால் காலையில் காய்ந்திருக்கும், வெளியில் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கடைசியாக, கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று. நாலு மாதம் குளிரில் பழகிய உடம்பு ஒட்டாவாவில் 25 பாகை வெயிலைச் சந்திக்கலாம், மே கடைசியில் அது அபூர்வம் இல்லை. சூட்டுக்கு உடம்பு பழகப் பத்து முதல் பதினாலு நாள் பிடிக்கும். மே நடுவிலிருந்து மெல்லோட்டங்களை உச்சி நேரத்துக்கு மாற்றுங்கள். அன்றைக்கும் குளிராகவே இருந்தால் ஒரு நீளக்கை உடுப்பைக் கூடப் போட்டுக்கொண்டு ஓடுங்கள். போட்டிச் சப்பாத்தை ஏப்ரலில் வாங்கி, 60 கிலோமீற்றராவது அதில் ஓடிப் பழகுங்கள். உப்பில் கிடந்த பழைய சோடி அதுவரை தாங்காது.