'கெட்' என்ற சொல்லை எப்படிக் கையாள்வது?

கேள்வி: அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதவும் கூட்டங்களில் பேசவும் வேண்டிய பொறுப்பு அண்மையில் எனக்கு வந்திருக்கிறது. இலக்கணம் ஓரளவு தெரியும். ஆனால் 'கெட்' என்ற சிறிய சொல் என்னைத் திணறடிக்கிறது. 'பெறு' என்று பள்ளியில் படித்த பொருள் பாதி இடங்களில் பொருந்துவதில்லை. அகராதியைத் திறந்தால் பொருள்கள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. அவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? அலுவல் கடிதங்களில் இச்சொல்லைப் பயன்படுத்தலாமா?

பதில்: மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, செய்தாலும் பேசும் நேரத்தில் அது கைகொடுக்காது. 'கெட்' தனித்து நிற்கும்போது அதற்கு உறுதியான பொருள் ஏதும் இல்லை என்றே சொல்லிவிடலாம். அதற்கு அடுத்து வரும் சொல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. பெயர்ச்சொல்லா, தன்மையைக் குறிக்கும் சொல்லா, இடமா, 'டு' சேர்ந்த வினையா என்று பார்க்கப் பழகிவிட்டால், அகராதி எண்ணிட்டு அடுக்கும் பொருள்கள் பெரும்பாலும் ஐந்தாறு அமைப்புகளுக்குள் அடங்கிவிடும். அவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கருத்து: முன்பு இல்லாத ஒரு நிலைக்கு வந்து சேர்வது. பொருள் கைக்கு வந்து சேரலாம். ஆள் ஓர் இடத்துக்கு வந்து சேரலாம். மனம் கோபத்துக்கோ சலிப்புக்கோ வந்து சேரலாம்.

அகராதியின் நீளத்தைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989-ஆம் ஆண்டுப் பதிப்பில் மிக நீளமான இடத்தைப் பிடித்துக்கொண்டது 'செட்' என்ற மூன்றெழுத்துச் சொல். பின்னர் அவ்வகராதியைத் திருத்தியபோது 'ரன்' என்ற வினைக்கு மட்டும் 645 பொருள்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எவரும் அப்படியொரு பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதில்லை.

முதலில், பெயர்ச்சொல் வரும் இடம். ('காட்' என்பது 'கெட்' என்பதன் இறந்தகால வடிவம்.) 'ஐ காட் எ லெட்டர்' என்றால் எனக்கு ஒரு கடிதம் வந்தது. 'ஐ காட் எ ஜாப்' என்றால் எனக்கு வேலை கிடைத்தது. 'ஐ காட் எ கோல்டு' என்றால் எனக்குச் சளி பிடித்தது. 'ஐ காட் எ நியூ ஃபோன்' என்றால் பெரும்பாலும் நான் புதிய ஃபோன் வாங்கினேன். நான்கு வாக்கியங்களிலும் ஆங்கிலத்தில் ஒரே வினை. தமிழிலோ நான்கு வினைகள். அதைவிட முக்கியமானது, முதல் மூன்றில் 'எனக்கு' என்றும் கடைசியில் மட்டும் 'நான்' என்றும் தமிழ் வேறுபடுத்துகிறது. தானாக வந்து சேர்ந்ததையும் முயன்று அடைந்ததையும் நாம் வேற்றுமை உருபிலேயே பிரித்துவிடுகிறோம். ஆங்கிலம் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றுக்கும் 'ஐ' என்றே தொடங்குகிறது. தமிழரின் தடுமாற்றத்துக்கு மூல காரணம் இதுதான் என்பது என் கருத்து. 'பெறு' என்ற மொழிபெயர்ப்பு தவறன்று. ஆனால் அது முயற்சியின் பக்கம் சாய்ந்த சொல்லாக மனத்தில் பதிந்துவிடுவதால், சளியையும் தலைவலியையும் எப்படிப் 'பெறுவது' என்று குழம்புகிறோம். ஆகவே, 'எனக்கு இன்னது வந்தது, கிடைத்தது' என்று தமிழில் நினைப்பு எழும்போதெல்லாம் 'எனக்கு' என்பதை 'ஐ' ஆக்கி, வினைக்கு 'காட்' போட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் சரியாக அமையும். 'எனக்கு அந்த வீடு பிடித்தது' போன்றவற்றுக்கு இது செல்லாது. அது 'லைக்' என்ற சொல்லின் எல்லை.

இதே அமைப்பில்தான் 'ஐ டோன்ட் கெட் இட்' என்பதும் வருகிறது. சொன்னது இன்னும் என்னிடம் வந்து சேரவில்லை, அதாவது புரியவில்லை. 'கெட் மீ எ சேர்' என்று இரண்டு பெயர்கள் வந்தால், போய் எனக்கொரு நாற்காலி எடுத்து வா என்று பொருள். 'பிரிங்' என்றால் வரும்போது கொண்டு வருவது. 'கெட்' என்றால் அதற்காகவே போய் எடுத்து வருவது.

அடுத்து, தன்மைச் சொல் வரும் இடம். 'ஐ காட் ஆங்ரி', 'ஷி காட் டயர்ட்', 'இட் இஸ் கெட்டிங் டார்க்' ஆகியவற்றில் 'கெட்' என்பது ஆகு என்ற வினையின் வேலையைச் செய்கிறது. கடைசி வாக்கியத்தை 'இருட்டிக்கொண்டு வருகிறது' என்று சொல்வதுதான் இயல்பான தமிழ். ஒரு மாற்றம் நடந்துகொண்டிருப்பதைக் காட்ட 'கெட்டிங்' மிகப் பொருத்தமானது. இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, 'ஆகு' என்பதற்கு எங்கும் 'கெட்' போட்டுவிடக் கூடாது. பின்னால் பெயர்ச்சொல் வந்தால் பொருளே மாறிவிடும். 'மருத்துவர் ஆக விரும்புகிறேன்' என்பதை 'ஐ வான்ட் டு கெட் எ டாக்டர்' என்று சொன்னால், கேட்பவர் உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று எண்ணி மருத்துவரை அழைக்க ஓடுவார். அந்த இடத்துக்கு உரியது 'பிகம்'. மற்றொன்று, மாற்றமும் நிலையும் வேறு வேறு. 'காட் மேரிட்' என்பது திருமணம் நடந்த நிகழ்வு. 'மேரிட்' என்று 'பி' வினையோடு வருவது மணமான நிலை. '2010-இல் திருமணம் ஆயிற்று' என்பதற்கு 'ஐ காட் மேரிட் இன் 2010' சரி. 'திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன' என்பதற்கு 'ஐ ஹேவ் பீன் மேரிட் ஃபார் டென் இயர்ஸ்' என்றே சொல்ல வேண்டும்; அங்கே 'காட்' புகுந்தால், பத்து ஆண்டுகளாகத் திருமணம் நடந்துகொண்டே இருந்தது என்பதுபோல ஒலிக்கும்.

இதற்கு நெருங்கிய உறவு, செயப்பாட்டு வினை அமைப்பு. 'ஹி வாஸ் ஃபயர்ட்' என்பதற்கும் 'ஹி காட் ஃபயர்ட்' என்பதற்கும் செய்தி ஒன்றே: வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஆனால் இரண்டாவதில், அது அந்த மனிதருக்கு நேர்ந்துவிட்டது என்ற தொனி இருக்கிறது; சில சமயம் அவரே தேடிக்கொண்டது என்ற குறிப்பும் இருக்கும். 'அடிபட்டான்', 'மாட்டிக்கொண்டான்' என்று நாம் படு, கொள் என்ற துணைவினைகளால் காட்டும் நுட்பத்துக்கு இது பக்கத்தில் வருகிறது. நிகழ்வு எதுவும் இல்லாத, நிலையை மட்டும் சொல்லும் வினைகளோடு இந்த அமைப்பு ஒட்டாது. 'அவர் எல்லோராலும் மதிக்கப்பட்டார்' என்பதற்கு 'வாஸ் ரெஸ்பெக்டட்' என்பதே பொருந்தும்.

'காட் டு' என்ற இணைப்பைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் உங்களைப் போன்றவர்கள் மிகுதியாக இடறுவது இங்கேதான். மூன்று வாக்கியங்களை அடுத்தடுத்து வைப்போம். 'ஐ காட் டு தி ஸ்டேஷன்' என்றால் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். 'ஐ காட் டு மீட் தி டைரக்டர்' என்றால் இயக்குநரைச் சந்திக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. 'ஐ ஹேவ் காட் டு மீட் தி டைரக்டர்' என்றால் இயக்குநரைச் சந்தித்தே ஆக வேண்டும். 'டு' என்பதற்குப் பின் இடம் வந்தால் சேர்தல். வினை வந்தால் வாய்ப்பு. முன்னால் 'ஹேவ்' சேர்ந்து பின்னால் வினை வந்தால் கட்டாயம். பேச்சில் அந்த 'ஹேவ்' தேய்ந்து 'ஐவ்' என்றாகி, விரைவாகப் பேசுபவர்களிடம் முற்றிலும் மறைந்துவிடுகிறது. அப்போது வாய்ப்பா கட்டாயமா என்பதைக் காலம் காட்டிக்கொடுக்கும்: நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சென்றால் வாய்ப்பு, இனி நடக்கவேண்டியதைப் பற்றியதென்றால் கட்டாயம். 'கெட் டு நோ' என்பதும் இந்தக் குடும்பம்தான். அது ஒருவரோடு பழகப் பழகத் தெரிந்துகொள்வதைக் குறிக்கும். ஒரு செய்தி தெரியவந்தது என்பதற்கு அதைப் பயன்படுத்தாமல் 'ஐ லேர்ன்ட்' என்று எழுதுவதே தெளிவு.

பிறரைக் கொண்டு ஒரு வேலையைச் செய்விப்பதற்கும் 'கெட்' பயன்படுகிறது. 'ஐ காட் ஹிம் டு சைன்' என்பதற்கு, பேசிப் பேசி அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன் என்று பொருள். ஏதோ ஒரு முயற்சி, ஓர் இணங்கவைப்பு அதற்குள் இருக்கிறது. வற்புறுத்திச் செய்யவைத்தால் 'ஐ மேட் ஹிம் சைன்'. 'மேட்' என்பதற்குப் பின் 'டு' வராது, 'காட்' என்பதற்குப் பின் 'டு' வந்தே தீரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். செய்தவர் யார் என்பது முக்கியமில்லாதபோது 'ஐ காட் தி ஷர்ட் ஸ்டிச்ட்' என்று அமையும். சட்டையைத் தைத்து வாங்கினேன் என்று நாம் சொல்வதற்கு இதைவிட நெருக்கமான வாக்கியம் ஆங்கிலத்தில் இல்லை. இதே வடிவில் விபத்தும் வரலாம். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பது விரும்பிச் செய்துகொண்டது. 'ஐ காட் மை ஃபிங்கர் ஜாம்ட் இன் தி டோர்' என்பது கதவிடுக்கில் விரல் நசுங்கியது. ஒரே அமைப்பு இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும் என்று வியக்க வேண்டாம். முடி வெட்டிக்கொண்டேன், விரலை வெட்டிக்கொண்டேன் என்று தமிழிலும் ஒரே வினையைத்தான் சொல்கிறோம், யாரும் குழம்புவதில்லை.

இடச்சொற்களோடு சேர்ந்து வருபவை ஏராளம். அவற்றில் வண்டி ஏறி இறங்குவதைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பேருந்து, ரயில், விமானம் ஆகியவற்றுக்கு 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. காருக்கு 'கெட் இன்', 'கெட் அவுட் ஆஃப்'. உள்ளே எழுந்து நடக்க இடமுள்ள ஊர்திகளுக்கு முன்னது, நுழைந்ததும் உட்கார்ந்துவிட வேண்டியவற்றுக்குப் பின்னது என்று கொண்டால் பெரும்பாலும் பிழை வராது. சைக்கிளும் குதிரையும் மேலே ஏறி அமர்பவை என்பதால் 'ஆன்' பக்கம் சேரும். நம்மில் பலர் பேருந்திலிருந்து இறங்குவதற்கும் 'கெட் டவுன்' என்கிறோம். பிற நாட்டவருக்கு அது ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவதைத்தான் நினைவூட்டும். 'கெட் ஓவர்', 'கெட் பை', 'கெட் அவே வித்' போன்ற மரபுத்தொடர்களைப் படிக்கும்போது எதிர்ப்படும் வாக்கியத்தோடு சேர்த்துக் குறித்துக்கொண்டால் போதும். தனிப் பட்டியலாகப் படித்தால் ஒன்றும் தங்காது.

'ஹேவ் காட்' பற்றி ஒரு தெளிவு தேவை. 'ஐ ஹேவ் காட் எ கார்' என்றால் என்னிடம் கார் இருக்கிறது என்பதே பொருள். 'ஐ ஹேவ் எ கார்' என்பதிலிருந்து வேறுபாடில்லை. பிரிட்டனில் பேச்சில் இது மிக வழக்கமானது. அமெரிக்காவில் 'காட்டன்' என்ற மற்றொரு வடிவமும் உண்டு. தமிழ் எழுத்தில் துணி வகையைப் போலத் தோன்றும் இது, 'ஹேவ்' என்பதோடு சேர்ந்து வரும் 'கெட்' என்பதன் மூன்றாம் வடிவம் (பாஸ்ட் பார்ட்டிசிபிள்). அங்கே 'ஹேவ் காட்' என்றால் இருக்கிறது, 'ஹேவ் காட்டன்' என்றால் கிடைத்துவிட்டது அல்லது ஆகிவிட்டது. 'காட்டன்' என்பதை அமெரிக்கர்கள் செய்த சிதைவு என்று சிலர் இகழ்வதுண்டு. அது சரியன்று. இங்கிலாந்தில் பழங்காலத்தில் வழங்கிய வடிவம் அது. அங்கே வழக்கொழிய, கடல் கடந்த இடத்தில் பிழைத்துக்கொண்டது. நீங்கள் எழுதுவது யாருக்கோ அவர்களின் வழக்கைப் பின்பற்றுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. முறையான எழுத்தில் 'கெட்' தவறு என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. தவறில்லை; பேச்சின் சாயல் கொண்டது, அவ்வளவே. அதைவிட, பொருள் பரந்த சொல் என்பதால் துல்லியம் வேண்டிய இடத்தில் அது போதாமல் போகிறது. 'வி காட் யுவர் லெட்டர்' என்பதைவிட 'வி ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்' என்பது அலுவல் கடிதத்துக்கு ஏற்றது. அனுமதி வாங்குவதற்கு 'அப்டெய்ன்', நிலைமை மோசமாவதற்கு 'வொர்ஸன்', புரிந்துகொள்வதற்கு 'அண்டர்ஸ்டாண்ட்', சென்று சேர்வதற்கு 'அரைவ்' அல்லது 'ரீச்' என்று குறிப்பான வினைகள் இருக்கின்றன. 'தி ஷிப்மென்ட் காட் டிலேட்' என்பதை 'வாஸ் டிலேட்' என்று மாற்றினால், சலிப்புத் தொனி நீங்கி வெறும் தகவலாக நிற்கும். வாடிக்கையாளருக்கு எழுதும்போது இது முக்கியம்.

ஆனால் களையெடுக்கும் வேகத்தில் எல்லா இடத்திலும் மாற்றிவிடாதீர்கள். 'கெட் மேரிட்', 'கெட் ரெடி', 'கெட் ரிட் ஆஃப்' ஆகியவை எந்த நடையிலும் செல்லும். உடல்நலம் தேற வாழ்த்தும்போது 'கெட் வெல் சூன்' என்றுதான் எழுத வேண்டும். 'பிகம் வெல் சூன்' என்று யாரும் எழுதுவதில்லை. அதுபோலவே, மின்னஞ்சல்களில் நீங்கள் அடிக்கடி காணும் 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்பது நேரில் திரும்பி வருவதைக் குறிப்பதன்று. விசாரித்துவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று பொருள். அறிமுகமானவர்களுக்கு அதை அப்படியே எழுதலாம். முதன்முறையாக எழுதும் ஒருவருக்கோ மேலதிகாரிக்கோ என்றால் 'ஐ வில் ரிப்ளை பை ஃப்ரைடே' என்று நாளைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எப்போது பதில் வரும் என்பதைக் 'கெட் பேக்' சொல்வதில்லை.